நான்கு கேள்விகளோடு ஒரு களப்பயணம்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் ‘உள்ளாட்சி அமைப்புகள்’ பாடத்தை நடத்தி முடித்ததும் சிறுதேர்வு ஒன்று வைப்பது என் வழக்கம். கிராம சபை பற்றிய கேள்விக்கு மாணவர்கள் நன்றாகவே விடை எழுதுவார்கள். 73ஆவது அரசமைப்புத் திருத்தம், 1992 என்று ஆண்டோடு எழுதுபவர்களும் உண்டு. அதே மாணவர்களிடம், “நம்ம பள்ளிக்குப் பின்னால இருக்கிற கண்மாய் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். “கவர்மென்ட்டோடது” என்பார் ஒருவர். “யாருக்கும் சொந்தமில்ல டீச்சர், அதான் எல்லாரும் குப்பை கொட்டுறாங்க” என்றாள் ஒரு மாணவி.

சட்டத்தின் பெயர் தெரிகிறது. அந்தச் சட்டம் தன் தெருவில் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க நான் கையாண்ட வழி ஒரு நாள் களப்பயணம். அதைத் திட்டமிட்ட விதத்தையும், அதிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் அரிட்டாபட்டி?

மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், மேலூர் வட்டத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன் கீழ் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.21 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுதான். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், ஏறத்தாழ 250 பறவை இனங்கள் என்று அரசு அறிவிப்பு கணக்குச் சொல்கிறது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளும், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கே வாழ்கின்றன.

இயற்கையைப் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால் அழகர்மலையே போதும். அரிட்டாபட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அண்மை வரலாறு. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்புக்கான சுரங்க ஏலம் முடிந்த செய்தி வெளியானது. பாரம்பரியத் தலமும் அந்தப் பரப்புக்குள் வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் அப்பகுதி ஊர்கள் பலவும் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர் வட்டார மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது.

பாடநூலில் தனித்தனிப் பாடங்களாக இருக்கும் கிராம சபை, மாநிலச் சட்டமன்றம், ஒன்றிய அரசு, அமைதியாகக் கூடும் உரிமை எல்லாமே மூன்றே மாதங்களில் ஒரே ஊரில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைவிடத் தெளிவான குடிமையியல் பாடம் நமக்கு அருகில் கிடைப்பது அரிது.

புறப்படும் முன்

களப்பயணத்தின் பாதி வேலை வகுப்பறையில்தான் நடக்கிறது. மூன்று பாடவேளைகள் இதற்குத் தேவைப்பட்டன.

முதல் பாடவேளையில் மேலே சொன்ன தேதிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுத்தேன். அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் ‘முடிவெடுத்தவர் யார்?’ என்று குறிப்பது அவர்கள் வேலை. இரண்டாம் பாடவேளையில் அறிவியல் ஆசிரியர் வந்து டங்ஸ்டன் பற்றிப் பேசினார். உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை கொண்டது அது. பழைய குண்டு பல்பின் இழை முதல் இரும்பை வெட்டும் கருவிகள் வரை பயன்படுகிறது. சுரங்கத்தை வேண்டாம் என்று சொல்பவர் வீட்டிலும் அந்த உலோகம் இருக்கிறது என்பதை மாணவர்கள் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் பாடவேளையில் நான்கு கேள்விகளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

1. இது யாருடையது?
2. இதைப் பராமரிப்பவர் யார்?
3. இதைப் பற்றி முடிவெடுப்பவர் யார்?
4. முடிவு சரியில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

எந்த இடத்தில் நின்றாலும் இந்த நான்குக்கும் விடை தேட வேண்டும். விடை கிடைக்காவிட்டால் வெற்றிடமாக விடலாம். ஊகித்து எழுதக் கூடாது.

தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்கள் உடன்வருதல், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு ஒரு குடிநீர்க் குப்பி ஆகியவை வழக்கம்போல. கூடுதலாக இரண்டு விதிகள்: கல்வெட்டைத் தொடவோ அதன்மேல் சாக்பீஸ் பூசவோ கூடாது, ஊர்க்காரர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

களத்தில் மூன்று இடங்கள்

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். வெயில் ஏறும் முன் குன்றுப் பகுதியை முடித்துவிடுவது நல்லது.

முதலில் சமணர் குகைத்தளம். இங்குள்ள தமிழிக் கல்வெட்டுகள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அருகில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், அதன்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி அது என்றும், அதைக் காப்பது பாதிரிக்குடி ஊராரின் பொறுப்பு என்றும் அக்கல்வெட்டு சொல்கிறது. இதை விளக்கியதும் ஒரு மாணவன், “அப்ப ரெண்டாவது கேள்விக்கு விடை கல்லுலயே எழுதியிருக்கு டீச்சர்” என்றான். சிற்பத்தைச் செய்தவர் ஒருவர், காப்பவர் ஊரார் என்ற பிரிவினை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக இருந்திருக்கிறது.

அடுத்து, முற்காலப் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். இங்கே இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் வடிவம் அது. சமணமும் சைவமும் ஒரே ஊரின் குன்றுகளில் அடுத்தடுத்து இருப்பதை மாணவர்கள் தாங்களாகவே கவனித்தார்கள். தொல்லியல் சின்னத்தைப் பாதுகாக்கும் துறை, வழிபடும் மக்கள், ஊராட்சி ஆகிய மூவருக்கும் அங்கே என்ன பங்கு என்பதைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம்.

மூன்றாவது கண்மாய்க் கரை. அந்தப் பருவத்தில் நீர் குறைவாக இருந்ததால் மடையின் அடிக்கல் வரை பார்க்க முடிந்தது. வரத்துக் கால்வாய், கலுங்கு, மடை, உள்வாய் என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வரைபடம் வரைந்தார்கள். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மாணவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள்.

“தாத்தா, மடைய யாரு திறப்பாங்க?”

“முன்னால நீர்பாய்ச்சின்னு ஒருத்தரு இருப்பாரு பாப்பா. அவரு சொல்றதுதான். எங்க அப்பா வயலுக்குக்கூட முறை வந்தாத்தான் தண்ணி.”

“அவரு தப்பாத் தண்ணி விட்டா?”

“ஊரு கூடும். கேப்பாங்க.”

நான்காவது கேள்விக்கு அவர் ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டார். ஊர் கூடுவதைச் சட்டம் ஆக்கினால் அதன் பெயர் கிராம சபை. அரசமைப்பின் 243ஏ உறுப்பையும், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994ஐயும் அங்கேயே, கரையில் உட்கார்ந்தபடி நினைவூட்டினேன். ஆனால் அந்தப் பழைய கூட்டத்தில் பெண்கள் பேசினார்களா, எல்லாச் சாதியினருக்கும் இடம் இருந்ததா என்றும் கேட்டேன். பெரியவர் சற்று யோசித்து, “அப்பல்லாம் அப்படி இல்ல” என்றார். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் உறுப்பினர் என்று சட்டம் சொல்வதன் பொருள் அப்போது மாணவர்களுக்குப் புரிந்தது.

திரும்பி வந்த பின்

திங்கட்கிழமை வகுப்பில் விவாதம் வைத்தேன். பெரும்பாலோர் சுரங்கம் கூடாது என்றே பேசினார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “எங்கப்பா கல் குவாரில வேலை பார்த்தவரு. குவாரிய மூடுனப்ப நான் கைக்குழந்தை. அதுக்கப்புறம் அவரு திருப்பூர் போயிட்டாரு. வருசத்துக்கு ரெண்டு தடவைதான் வருவாரு. மலைய எல்லாரும் பேசுறாங்க. அவர யாரும் பேசல.”

மேலூர்ப் பகுதியில் கிரானைட் குவாரிகள் 2012இல் முறைகேட்டுப் புகார்களையும் விசாரணையையும் அடுத்து மூடப்பட்டவை. சட்டத்தை மீறியவர்கள் வேறு. கூலி இழந்தவர்கள் வேறு. வகுப்பில் சிலர் அவனுக்கு மறுப்புச் சொல்லத் தொடங்கினார்கள். நான் அவர்களை நிறுத்தி, அவன் சொன்னதைக் கரும்பலகையில் ஒரு பக்கமும், மற்றவர்கள் சொன்னதை மறுபக்கமும் எழுதினேன். என் கருத்து என்ன என்று கேட்டார்கள். “நீங்க உங்க காரணங்களை எழுதி முடிச்ச பிறகு சொல்றேன்” என்றேன்.

ஆசிரியராக நான் மிகவும் கவனமாக இருந்த இடம் இதுதான். குடிமைப் பண்பு என்பது ஆசிரியரின் முடிவை மாணவர் ஏற்பது அல்ல. சரியான பக்கம் எது என்று நாம் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்தப் பையனின் அப்பா வகுப்பறையிலும் ஒருமுறை விடுபட்டுப் போவார். நான்கு கேள்விகளையும் மீண்டும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். குவாரி திறந்தபோது தொழிலாளியைக் கேட்டார்களா? மூடியபோது கேட்டார்களா? இரண்டுக்கும் குறிப்பேட்டில் வெற்றிடமே மிஞ்சியது. ‘முடிவால் பாதிக்கப்படுகிற எல்லாரும் முடிவு எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும்’ என்று ஒரு குழு எழுதியது. அந்த வரியைக் குவாரித் தொழிலாளியின் மகனும் ஏற்றுக்கொண்டான்.

சொந்த ஊரின் கண்மாய்

களப்பயணம் வேறு ஊரோடு முடிந்துவிட்டால் அது சுற்றுலாதான். ஆகவே அடுத்த இரண்டு வாரங்களில் பள்ளிக்குப் பின்னால் உள்ள கண்மாய்க்கு அதே நான்கு கேள்விகளை எடுத்துச் சென்றோம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன என்ற தகவலைக் கொண்டு, எங்கள் கண்மாய் ஒன்றியத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். வரத்துக் கால்வாயை டேப் பிடித்து அளந்தார்கள். சீமைக்கருவேலமும் நெகிழிக் குப்பையும் 60 மீட்டர் தூரம் அடைத்திருந்தன.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 18 வயது நிறையாத மாணவர்கள் அதில் உறுப்பினர் இல்லை, பார்வையாளராக இருக்கலாம். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்து பதினொரு பேர் தங்கள் பெற்றோருடன் போனார்கள். மாணவர்கள் தயாரித்த அளவையும் வரைபடத்தையும் ஒரு தாய் எடுத்துப் பேசினார். கால்வாயைச் சுத்தம் செய்யத் தீர்மானம் எழுதப்பட்டது. ‘யாருக்கும் சொந்தமில்ல’ என்ற அதே மாணவி, தீர்மான நகல் வேண்டும் என்று தன் அம்மாவை மனு எழுத வைத்தாள்.

நவம்பருக்குள் பாதித் தூரம் சுத்தமாயிற்று. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. மாணவர்கள் நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நினைத்தது முழுவதும் உடனே நடக்காது, தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊரிலும்

இந்த முறை புதிதல்ல. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களை ஊர்களுக்கு அழைத்துச் சென்றது. நம் மேல்நிலைப் பள்ளிகளிலும் அது நடக்கிறது. பதினெட்டு வயதில் அங்கே போகும் மாணவர், பதினான்கு வயதிலேயே நான்கு கேள்விகளோடு பழகியிருந்தால் முகாம் அவருக்கு இன்னும் பயன்படும்.

இடமும் அரிட்டாபட்டியாகவே இருக்க வேண்டியதில்லை. மதுரை நகரப் பள்ளிகள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் செல்லலாம். 1939 ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் அங்கே நுழைந்தார்கள்; முடிவெடுக்கும் இடத்தில் யார் விடுபட்டிருந்தார்கள் என்று அந்த வாசலில் நின்று கேட்கலாம். வைகைக் கரையும், காந்தி நினைவு அருங்காட்சியகமும், வண்டியூர்த் தெப்பக்குளமும் இருக்கின்றன. தொடக்கப் பள்ளி என்றால் பேருந்து வேண்டாம். தெருக்குழாயும் நியாயவிலைக் கடையும் போதும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் முதல் இரண்டு கேள்விகளுக்கு அழகாக விடை சொல்வார்கள்.

அடுத்த கிராம சபை நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு நான்கு வாரங்கள் முன்பாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கண்டதைச் சொல்ல ஓர் இடமும் ஒரு நாளும் காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.