சபைக் கணக்கை ஏற்றிருக்கும் மகளுக்கு



சபையில் உன்னைப் பொருளாளராகத் தெரிந்தெடுத்த செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டேன். பி.காம். முடித்து, தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை இந்தப் பொறுப்புக்கு வந்தது நல்லதுதான். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதவிக்காலம் முடிவதற்குள் ஊர் பேசுகிற மாதிரி ஏதாவது ஒன்றை விட்டுப் போக வேண்டும், சமுதாயக் கூடம் கட்டலாம் என்று எழுதியிருக்கிறாய். கட்டு. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதற்கு முன்னால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். வேறு சபைகளில் புதிதாகக் கணக்கு ஏற்றிருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

நம் பக்கத்துக் கோயில்களில் பெயருக்குப் பஞ்சமில்லை. மின்விசிறி இறக்கையில் உபயம், சுவர்க் கடிகாரத்தில் உபயம், பிரசங்க பீடத்துத் துணியில்கூட உபயம். விசிறி பழுதானால் பழுது பார்க்க ஆளில்லை. பெயரை அழித்தால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயிலைப் பார்த்திருப்பாய். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. 1778இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆனது. ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு அந்தக் கட்டடத்தைவிட 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேடுதான் பெரிது. நாற்பது பேர், முதல் பெயர் கிளாரிந்தா. அந்த ஏடு இல்லாவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேர் நமக்கு யாரோ எவரோ. பேரேட்டை நீ கையில் எடுக்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி பிடியரிசி. உலையில் அரிசி போடும்முன் ஒரு கை அள்ளித் தனிப்பானையில் போட்டுவைப்பது. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவது. நீ அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறாயா? பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, எந்த வீட்டிலோ மிச்சம் கிடந்த பச்சரிசி, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சோறாக்கினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. மாவுக்குத்தான் ஆகும், இல்லாவிட்டால் கோழிக்கு. ஆனாலும் கோயிலில் விடும் ஏலத்தில் நல்ல அரிசியின் விலைக்கு மேலே போகும். வாங்குகிறவனுக்கு அது எந்தெந்த அடுப்படியிலிருந்து வந்தது என்று தெரியும். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் இதே வழக்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அந்தச் சபையின் ஊழியங்களுக்கு அது பெரிய வருமானம். ஒரு கை அரிசியைக் கணக்கெழுதிக் காப்பாற்றத் தெரிந்த பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று அர்த்தம்.

அசரியா பேராயரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நாலு வரி படித்திருப்பாய். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது ஆட்களும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதுதான் ஏற்பாடு. வெள்ளைக்கார மிஷன்கள் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் பனையேறிகளும் சின்ன விவசாயிகளும் நிறைந்த ஒரு சமூகம் தன் காசில் வேறு மொழிக்காரர்களிடம் ஊழியரை அனுப்பத் துணிந்தது. அவரே 1909இல் நிஜாம் சீமையிலிருந்த டோர்னக்கல்லுக்குப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே சபையில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிக் கூலிக்காரர்கள். இவர்களிடமா காணிக்கை கேட்பது என்று நமக்குத் தோன்றும். அவர் கேட்டார். ஏழை என்பதற்காக ஒருவனைக் கொடுப்பதிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கொடுப்பதைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். தானியமும் கோழியும் முட்டையுமாக வந்தது காணிக்கை. டோர்னக்கல் பேராலயம் 1939இல் பிரதிஷ்டை ஆனது, குவிமாடமும் ஸ்தூபியும் தாமரைத் தூணுமாக. பார்க்க அழகுதான். ஆனால் அவர் விட்டுப்போனதில் எனக்குப் பெரிதாகப் படுவது கூலிக்காரனையும் கொடுக்கிறவனாக நிமிர்த்தியதுதான். நீ வசூலுக்குப் போகும்போது மெத்தை வீட்டை மட்டும் குறிவைக்காதே. குடிசையைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுக்காரிக்கு அது அவமானம்.

வேலூரையும் பார். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் தேடினார். நியூயார்க்கில் ஷெல் என்ற முதிய வங்கியாளர், காலமான தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அந்த வளாகத்துக்கு இன்றும் ஷெல் என்றுதான் பெயர். ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் அந்த அம்மாவின் ஆயுளோடு அது முடிந்திருக்கும். 1909இல் தாதியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று தனக்குப் பின்னால் வருகிறவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்தார். பிறகு பல சபைகளும் சேர்ந்து நடத்தும் கல்லூரியானது. 1947இல் ஆண்களையும் சேர்த்தார்கள். பெண்களுக்கென்று தொடங்கியது ஆயிற்றே என்று அவருடைய பழைய ஆதரவாளர்கள் சிலருக்கு வருத்தம். தான் தொடங்கியது தன் கையைவிட்டு வேறு உருவம் எடுப்பதற்கு அவர் சம்மதித்தார். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் முடிவதில்லை. அதனால் இளைஞர் சங்கத்திலிருந்து இரண்டு பேரை இப்போதே பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கெழுதப் பழக்கு. நாளைக்கு நீ கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலும் பேரேடு நிற்கக் கூடாது.

வேலையின் நுணுக்கத்துக்கு வருகிறேன். இயேசுவின் சீஷர்களில் பணப்பை யார் கையில் இருந்தது என்று உனக்குத் தெரியும். பொருளாளர் பதவி ஏற்கிற எவரும் முதலில் நினைக்க வேண்டியது அந்த ஆளைத்தான். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் நம்பிக்கை வைத்த ஆட்களைக் கூடவே வைத்துக்கொண்டார், ஒருவரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று. அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை உடைமாற்றும் அறைக்கு வரும். மேசையில் கொட்டி, கசங்கிய பத்து ரூபாயை நீவி, நாணயத்தைத் தனியாக அடுக்கி, காணிக்கை உறைகளை எண் வாரியாகப் பிரித்து, குறைந்தது இரண்டு பேர் எண்ண வேண்டும். இருவரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, ஐயரே சொன்னாலும் கேட்காதே. இப்போது வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டுகிறீர்கள். அது சபையின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, யாருடைய செல் எண்ணுக்காவது போகிறதா என்று முதல் நாளே பார்.

இன்னொன்று. விதவைகள் உதவிக்கு என்று வந்த பணத்தில் கூரை போடக் கூடாது, கூரை எவ்வளவு ஒழுகினாலும். அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று கமிட்டியில் நல்லவர்களே சொல்வார்கள். நல்லவர்கள் சொல்வதால்தான் அது ஆபத்து. தென்னந்தோப்பு எழுதிவைத்தவர் எந்தக் காரியத்துக்கு எழுதிவைத்தார் என்பது பத்திரத்தில் இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாப் பத்திரத்தையும் படி. சர்வே எண், நான்கெல்லை, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று ஒரே நோட்டில் எழுது. ரசீது புத்தகத்தின் அடிக்கட்டையை எறியாதே. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய கோயில் 1880இல் முடிவதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை வருடம் ஒரு வேலை நடக்க வேண்டுமானால் கொடுத்தவர்களுக்குக் கணக்கின் மேல் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

முதல் வேலையாக ஏலபாக்கியைப் பார். போன அறுப்பின் பண்டிகையில் எடுத்த ஏலத்தின் பட்டியல் பழைய பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். உற்சாகத்தில் ஒரு முட்டையை அறுநூறு ரூபாய்க்குக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் விழிக்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. அவர்கள் பெயரை ஆராதனையில் வாசிக்க விடாதே. சாயங்காலம் வீட்டுக்குப் போ, தவணையாக வாங்கு, ஐம்பது ரூபாய் என்றாலும் ரசீது கொடு. கொடுக்கவே முடியாது என்று தெரிகிற பாக்கியை இரக்கப்பட்டு நீயாக அடித்துவிடாதே. கமிட்டியில் வைத்து, தீர்மானம் எழுதி, பிறகு தள்ளு. சமுதாயக் கூடத்தையும் அதே கூட்டத்தில் பேசலாம். எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா