பிள்ளை வீடு மாறினால் பராமரிப்புத் தொகை என்னாகும்?

மணமுறிவு ஆணையில் குறிக்கப்பட்ட பராமரிப்புத் தொகை, அந்த ஆணை பிறந்த நாளின் நிலவரத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. குடும்பமோ அந்நாளோடு நின்றுவிடுவதில்லை. திருப்பூணித்துறையில் தாயோடு வளர்ந்த மகன், பதினொன்றாம் வகுப்புக்காகக் கோயம்புத்தூரில் இருக்கும் தந்தையின் வீட்டுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் தாயின் கணக்கில் ரூ.8,000 செலுத்திவரும் தந்தைக்கு முதலில் தோன்றுவது, "பிள்ளை என்னிடமே வந்துவிட்டான், இனி எதற்குப் பணம்?" என்பதே. கேள்வி நியாயமானது. ஆயினும் தானே முடிவெடுத்துப் பணத்தை நிறுத்துவது ஆபத்தானது.

நீதிமன்ற ஆணையை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. முன்பு 125ஆம் பிரிவு என வழங்கிய பராமரிப்பு உரிமை அதில் 144ஆம் பிரிவாகவும், சூழ்நிலை மாறினால் தொகையைத் திருத்தக் கோரும் 127ஆம் பிரிவு 146ஆம் பிரிவாகவும் அமைந்துள்ளன. இந்து திருமணச் சட்டப்படி ஆணை பெற்றவர்கள் அச்சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றத்தை அணுகலாம். எறணாகுளம் குடும்ப நீதிமன்றத்தில் பெற்ற ஆணையாயின், மனுவும் அங்கேதான்.

மனு போடாமல் நிறுத்தினால், நின்ற ஒவ்வொரு மாதமும் நிலுவையாகச் சேரும். நிலுவை தொடங்கிய ஓராண்டுக்குள் தாய் வசூலுக்கு விண்ணப்பித்தால் பிடி ஆணை பிறக்கலாம். அதன் பின்னும் செலுத்தாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. செலுத்த வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அவ்வூர் நீதிமன்றத்திலும் ஆணையை நிறைவேற்றக் கோரலாம். உரிமையியல் வழக்கில் கிடைத்த பராமரிப்புத் தீர்ப்பாயின் ஊதியத்தையும் பறிமுதல் செய்யலாம். சாதாரணக் கடனுக்கு ஊதியத்தின் பெரும்பகுதிக்கு விலக்கு உண்டு. பராமரிப்புக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு. கடன்காரரைவிடப் பிள்ளைக்குச் சட்டம் முன்னுரிமை தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தந்தை ஓர் இல்லத்திலும் பிள்ளை வேறோர் இல்லத்திலும் இருப்பது கொச்சி அரச குடும்பத்தின் ஊரான திருப்பூணித்துறைக்குப் புதிதன்று. மருமக்கத்தாய வழக்கில் பிள்ளை தாயின் தறவாட்டுக்கு உரியது. அதைப் பேணும் பொறுப்பு தறவாட்டின் காரணவருடையது. 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு சட்டப்படி முடிவுற்றது. இன்று பொறுப்பு பெற்றோர் இருவருடையது. இதனை அழுத்தமாகச் சொன்னது, பத்மஜா சர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: இருவரும் ஊதியம் பெறுவோராயின், இருவரும் தத்தம் வருவாய்க்கேற்பப் பிள்ளையின் செலவைப் பகிர வேண்டும்.

இந்த நெறியை நம் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். தந்தையின் வருவாய் ரூ.60,000, தாயினுடையது ரூ.30,000, பிள்ளையின் மாதச் செலவு ரூ.12,000 எனில், தந்தையின் பங்கு ரூ.8,000, தாயின் பங்கு ரூ.4,000. பிள்ளை தாயிடம் இருந்தவரை தந்தையின் பங்கு அவரிடமிருந்து போயிற்று. தாயின் பங்கு வீட்டிலேயே செலவாயிற்று. வீடு மாறியபின் தந்தையின் பங்கு வீட்டில் செலவாகிறது. தாயின் பங்கு தாயிடமிருந்து வர வேண்டும். ஆகவே பணம் நிற்பதோடு, அது செல்லும் திசையும் மாறக்கூடும். விடுமுறைக்குச் சில வாரம் வந்து தங்குவதை நிலையான மாற்றமாகக் காட்டி இத்தகைய திருத்தம் பெறுவது எளிதன்று.

மறுமணமும் கணக்கில் வரும். கல்யாண் டே சௌத்ரி வழக்கில் 2017ஆம் ஆண்டு, கணவருக்கு மறுமணத்தால் புதிய குடும்பமும் குழந்தையும் வந்திருந்ததைக் கருதி, மாதம் ரூ.23,000ஆக இருந்த தொகையை உச்ச நீதிமன்றம் ரூ.20,000ஆகக் குறைத்தது. குறைத்தது ரூ.3,000 மட்டுமே என்பதை மனுதாரர்கள் கவனிக்க வேண்டும்.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்புக்குப்பின், பராமரிப்பு வழக்கில் இரு தரப்பும் வருவாய், சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். இங்கேதான் வங்கிக் கணக்கு பேசத் தொடங்குகிறது. பள்ளிக் கட்டணத்தை நேரே கட்டினேன், கையில் ரொக்கமாகக் கொடுத்தேன் என்பவற்றை மெய்ப்பிப்பது கடினம். தந்ததை ஒப்புக்கொண்டாலும் அதை ஆணைத் தொகையில் கழிப்பார்கள் என்ற உறுதியில்லை. ஒவ்வொரு மாதமும் கணக்கின்வழி, குறிப்பில் மாதத்தையும் நோக்கத்தையும் எழுதி அனுப்புவதே நல்லது. தானியங்கி மாதாந்திரப் பரிமாற்றத்தைத் திருத்திய ஆணை கைக்கு வந்தபின் மட்டுமே ரத்து செய்யுங்கள். பிள்ளையின் பெயரிலுள்ள கணக்கில் தாய் காப்பாளராக இருந்து, பொறுப்பு தந்தைக்கு மாறினால், ஆணையின் சான்றிட்ட நகலோடு கிளையை அணுகுங்கள்; வாய்மொழி வேண்டுகோளின்பேரில் காப்பாளர் பெயரை மாற்ற இயலாது.

பிள்ளைக்கு 18 வயது நிறைவதும் ஒரு மாற்றமே. 144ஆம் பிரிவின்கீழ் பிள்ளையின் உரிமை பொதுவாக அவ்வயதோடு முடியும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவர்க்கு அது தொடரும். மணமாகாத இந்து மகள் தன் வருவாயால் வாழ இயலாதபோது, 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் தனியே உரிமை கோரலாம் என்பதை 2020இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.