யானைக்கால்: ஒரு சொல்லாராய்ச்சி

நம் புதுவையில் யானைக்கால் என்னும் சொல்லை அறியாதார் இலர். கால் பருத்துத் தோல் தடித்து யானையின் காலெனத் தோன்றுதலின் அந்நோய் இப்பெயர் பெற்றது. ஆங்கில மருத்துவ நூலார் இதனை ‘எலிபன்டையாசிஸ்’ என்பர். பிரெஞ்சு மொழியிலும் ஒலி சிறிது திரிந்து அச்சொல்லே வழங்கும். இரண்டும் யானையைச் சுட்டுதலின் ஒன்று மற்றொன்றன் மொழிபெயர்ப்போ என ஐயுறத் தோன்றும். ஆங்கிலச் சொல்லின் வரலாறோ வேறு.

அது கிரேக்கச் சொல். ‘எலெபாஸ்’ பகுதி, ‘இயாசிஸ்’ நோயுற்ற நிலையைக் காட்டும் விகுதி. ஹோமர் பாடல்களில் எலெபாஸ் என்பது தந்தத்தையே குறிக்கும். விலங்கைக் குறித்தது பின்னரே. கிரேக்க மருத்துவர் எலிபன்டையாசிஸ் என்றது, இன்று நாம் தொழுநோய் என்பதனை. அந்நோயில் தோல் தடித்து யானைத்தோல் போலாதலே காரணம். தமிழர் காலைக் கண்டனர். கிரேக்கர் தோலைக் கண்டனர்.

அராபிய மருத்துவரோ கால் வீக்கத்தைத் ‘தாவுல் ஃபீல்’, அதாவது யானைநோய், என்றனர். தொழுநோயை ‘ஜுதாம்’ என்றனர். 11-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கராகிய கான்ஸ்டன்டைன் இத்தாலியில் அராபிய நூல்களை இலத்தீனில் பெயர்த்தனர். அத்தகைய பெயர்ப்புகளால் யானைநோய் எலிபன்டையாசிஸ் ஆயிற்று. ஜுதாம் ‘லெப்ரா’ ஆயிற்று.

லெப்ரா என்பதும் கிரேக்கமே; செதில் என்னும் பொருளடியாகப் பிறந்து, செதிலுதிரும் தோல்நோய்களைக் குறித்தது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், லேவியராகமத்தின் ‘சாராத்’ என்னும் எபிரெயச் சொல்லுக்கு இதனையே இட்டிருந்தனர். நம் தமிழ் வேதாகமத்தில் அது குஷ்டம் ஆயிற்று. சாராத்தோ மனிதர் தோலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவதாக அந்நூலே கூறும். அதனைத் தொழுநோயெனல் எங்ஙனம் பொருந்தும்? எனினும் பெயர் ஒன்றானமையின், சாராத்துக்குரிய தீட்டு தொழுநோயர் தலைமேல் ஏறிற்று. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்ட பின்னரும் அப்பழி எளிதில் நீங்கிற்றில்லை.

யானைக்காலுக்குக் காரணம் நூலிழை போன்ற புழு. அது கொசுவின் உடலில் வளர்தலை 1877-இல் மான்சன் என்பார் சீனாவில் கண்டனர். இத்தகைய நோய்களைப் பரப்பும் உயிர்களை ஆராய 1975-இல் நம் நகரிலேயே ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஆயினும் இந்நோயுற்றாரை ‘யானைக்கால்காரர்’ என்று விளிப்பாரும் உளர்.

சொல் இடம்மாறியதனாலேயே ஒரு கூட்டத்தார் பல நூற்றாண்டு பழி சுமந்தனர். ஆதலின், மாணவத் தோழர்காள், நோயின் பெயரை நோய்க்கே விடுவோம். மனிதரை அவர்தம் பெயரால் அழைப்போம்.