சௌல்தாரியில் தாழ்வாரக் கதவு: மரமா, அலுமினியமா, யு.பி.வி.சி.யா?

எங்கள் வீட்டுத் தாழ்வாரக் கதவைக் கழற்றி முற்றத்தில் கிடத்தியபோதுதான் அதன் அடிவிளிம்பை முதன்முதலாகப் பார்த்தேன். முகப்பில் வர்ணம் இன்னும் பளபளவென்று இருந்தது. அடியில் ஒரு கை பெயின்ட்கூடப் படவில்லை. ஒட்டுப்பலகையின் அடுக்குகள் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரிப் பிரிந்து உப்பியிருந்தன. கீழ்க் கீலின் திருகாணித் தலையை மிஸ்திரி கட்டைவிரலால் அழுத்தினார். துரு மாவாக உதிர்ந்தது. சென்னையில் ஒரு கடையில் பார்த்து, பிடித்துப்போய், கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கதவு அது. ஆறு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

அதன்பிறகு புதுக் கதவுக்காக மூன்று மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர் சௌல்தாரியில் மட்டுமல்ல, தென் அந்தமானில் எங்கே வீடு கட்டினாலும் இது பொருந்தும்.

முதலில் மழை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை. இங்கே 3,000 மி.மீ. போலப் பெய்கிறது. அளவைவிடத் திசைதான் கதவுக்கு முக்கியம். மே நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து சாரலைக் கொண்டுவரும். தமிழ்நாட்டு வீட்டில் 'மழை படாத பக்கம்' என்று ஒன்றைச் சொல்லிவிடலாம். இங்கே அப்படி ஒரு பக்கம் கிடையாது.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நாட்டின் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் இருப்பது 92½ பாகைக்குப் பக்கத்தில். அதனால் சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தியே நடக்கிறது. மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே கிழக்குக் கண்ணாடிக் கதவு வழியாக வெளிச்சம் கட்டிலில் விழும். கிழக்கே தாழ்வாரம் வைப்பவர்கள் முழுக் கண்ணாடிக் கதவுக்கு ஆசைப்படும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கதவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இறவாணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கதவுக்கு வெளியே தகரக் கூரை நான்கு அடியாவது நீண்டிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இரண்டடி சன்ஷேடுதான் என்றால், எவ்வளவு விலையுள்ள கதவு போட்டாலும் அது மழையில் நிற்கும் கதவுதான். கையில் உள்ள பணத்தில் ஒரு பங்கைக் கூரையை நீட்டச் செலவழித்து, கதவைக் கொஞ்சம் எளிமையாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தாழ்வாரத் தரை வீட்டுத் தரையைவிட இரண்டு, மூன்று அங்குலம் தாழ்ந்தும், வெளிப்பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். கொத்தனார் போன பிறகு இதைச் சரிசெய்வது பெரிய பாடு.

இனித் திறக்கும் முறை. பொருளைவிட இதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கடைக்குப் போனால் பெரும்பாலும் பொருளைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஸ்லைடிங் கதவு இப்போது எல்லாருக்கும் பிடிக்கிறது. இடம் அடைக்காது, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளாது. ஆனால் இரண்டு கதவில் ஒன்று மற்றதன் பின்னால்தான் ஒதுங்கும் என்பதால் வாசலில் பாதிதான் திறக்கும். காற்றோட்டத்தையே நம்பி வாழும் ஊரில் இது சின்ன இழப்பு அல்ல. இதைவிடப் பெரிய சங்கதி கீழே இருக்கும் டிராக். சாரல் தண்ணீர் அதில் விழுந்து, வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடிய வேண்டும். எதிர்க்காற்று அந்தத் தண்ணீரை உள்ளே தள்ளும். மணிக்கு 60 கி.மீ. காற்றின் அழுத்தம் தண்ணீரை ஏறத்தாழ 17 மி.மீ. உயர்த்தக்கூடியது. 90 கி.மீ. என்றால் 38 மி.மீ. அதனால் டிராக்கின் உள்விளிம்பு 40 மி.மீ.க்கும் மேல் உயர்ந்து நிற்காத ஸ்லைடிங் கதவு, புயல் நாளில் வீட்டுக்குள் தண்ணீர் விட்டே தீரும். தரையோடு தரையாக இழையும் டிராக் படத்தில் அழகாக இருக்கும். இறவாணம் ஆழமாக இல்லாத வீட்டுக்கு அது ஆகாது. உயர்ந்த விளிம்பு வைத்தால் வயதானவர்கள் கால் தடுக்கும் என்பதும் உண்மை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வீட்டில் நான் கண்ணாலேயே பார்த்தது இது. ஸ்லைடிங் கதவு புதிதாக மாட்டியிருந்தார்கள். முதல் மழைக்கே கூடத்தில் தண்ணீர். டிராக்கின் வெளிப்பக்கம் குனிந்து பார்த்தால் வடிதுளை மூன்றையும் பூச்சு வேலையின்போது சிமென்ட் வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். ஒரு குச்சியால் குத்தி எடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே போனது. கதவு மாட்டி முடித்த அன்றே ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

மடித்துத் திறக்கும் கதவு, அதாவது நாலைந்து கதவுகள் விசிறிபோல மடிந்து ஒரு ஓரம் போவது, முழு வாசலையும் திறந்துவிடும். அழகுதான். ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கீல், மேலும் கீழும் ரோலர். உப்புக்காற்றில் அசையும் உறுப்பு ஒவ்வொன்றும் ஒரு செலவு. நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது பழைய இரட்டைக் கதவு, கீலில் திறப்பது. இதை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் காற்று அடிக்க அடிக்கக் கதவு நிலையோடு இறுகும், சாரல் நுழையாது. உள்பக்கம் திறந்தால் அதே காற்று கதவைத் தாழ்ப்பாளின்மேல் தள்ளி இடுக்கை அகலப்படுத்தும். வெளியே திறப்பதில் இரண்டு கவனம் வேண்டும். திறந்து வைத்த கதவைச் சுவரோடு பிடிக்கக் கொக்கி இருக்க வேண்டும், இல்லையேல் ஒரே காற்றில் கீல் பிடுங்கிக்கொள்ளும். கீல் வெளியே தெரியும் என்பதால் ஊசியை உருவ முடியாத வகையாக வாங்க வேண்டும். நம் மிஸ்திரிகளில் பலர் கீலைக் கப்ஜா என்றும் நிலையைச் சௌகட் என்றும் இந்தியில்தான் சொல்வார்கள். அந்தச் சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பேச்சு சுலபம்.

இப்போது பொருள். கடைக்காரர் முதலில் காட்டுவது அலுமினியம். எடை குறைவு, கறையான் தொடாது, உப்பாது. ஆனால் உப்புக்காற்று அலுமினியத்தையும் விடுவதில்லை. பூச்சு கீறிய இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு குழிகள் விழும். சாதாரண இரும்புத் திருகாணியை அலுமினியத்தில் முடுக்கினால் ஈரத்தில் திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியம் வேகமாக அரிக்கும். பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கிறதா, வெட்டிய முனைகளிலும் பூச்சு உண்டா, திருகாணி என்ன வகை என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் அலுமினியக் கதவின் ஆயுள் நன்றாக நீளும்.

யு.பி.வி.சி. உப்புக்கு அஞ்சாது. ஓதத்துக்கும் கறையானுக்கும் கவலையில்லை. ரப்பர் பட்டை நல்லதாக இருந்தால் சாரலை இதுபோல அடைக்கும் பொருள் வேறு இல்லை. குறை இரண்டு. ஒன்று, வெப்பத்தில் நீளும். 2.4 மீட்டர் சட்டம் இருபது பாகை சூடு ஏறினால் 3 மி.மீ.க்கு மேல் வளரும். அலுமினியத்தில் இது 1 மி.மீ. போலத்தான். அதனால் மேற்கு வெயில் படும் இடத்தில் கறுப்பு, அடர்பழுப்பு யு.பி.வி.சி. வேண்டாம், வெள்ளையே போதும். மற்றது, அதன் உள்ளே பலத்துக்கு ஓடும் இரும்புப் பட்டை. அது துத்தநாகப் பூச்சுள்ளதாக இல்லாவிட்டால், அல்லது வெட்டிய முனை திறந்தே கிடந்தால், வெள்ளைச் சட்டத்துக்குள் துரு பிடித்துக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. வாங்கும்போது ஒரு வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மரத்துக்கு வருவோம். அந்தமானில் இருந்துகொண்டு மரத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேச மனம் வரவில்லை. படாக் நம் தீவுகளின் மாநில மரம். அதன் வைரம் செவ்வண்ணமானது, கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடுக்காதது. 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இந்த மரத்தை எத்தனையோ தலைமுறையாக அறுத்துக் கொடுத்திருக்கிறது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு இங்கே மரம் வெட்டுவது உள்ளூர்த் தேவை என்ற எல்லைக்குள் சுருங்கியது. அது காட்டுக்கு நல்லது. நமக்கு அதனால் படாக் அரிதானது, விலை ஏறியது. முறையான ரசீது இல்லாமல் யாராவது குறைந்த விலைக்குப் படாக் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அந்தக் காடு போனால் நம் ஓடைத் தண்ணீரும் போகும்.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் பழைய படாக் நிலையும் கதவும் கிடைக்கும். அதுதான் என் முதல் தேர்வு. நாற்பது, ஐம்பது ஆண்டு இந்தக் காற்றிலேயே நின்று பழகிய மரம், இனிமேல் திருகாது. புது மரம் வாங்குவதானால் ஈரத்தைக் கேளுங்கள். சென்னையில் 12 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்திய மரம் இங்கே வந்து 15, 16 விழுக்காட்டுக்குத் தானாக ஏறும். அகலத்தில் உப்பும். ஜூன் மாதத்தில் கதவு இறுகுவதற்கு இதுதான் காரணம். சிலர் அப்போது இழைத்துவிடுவார்கள், பிப்ரவரியில் பார்த்தால் இடுக்கில் விரல் நுழையும். மரத்தை வாங்கி இரண்டு மூன்று மாதம் தாழ்வாரத்திலேயே அடுக்கி வைத்துவிட்டு, பிறகு வேலைக்குக் கொடுப்பது நல்லது. பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். மாட்டுவதற்கு முன்பே அடிவிளிம்புக்கும் தலைவிளிம்புக்கும் மூன்று கை பெயின்ட். என் பழைய கதவு கெட்டது இந்த ஒரு வேலை விட்டுப்போனதால்தான்.

ஒட்டுப்பலகைதான் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளை மட்டும். ஐ.எஸ். 303 உள்ளறைக்கு இருக்கட்டும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யு.பி.சி. பலகை குளியலறைக்கு நல்லது, தாழ்வாரத்தில் கண்ணாடி தாங்கும் பெரிய கதவுக்கு அதில் திருகாணிப் பிடி போதாது. இரும்புக் கதவு வேண்டாம்.

கண்ணாடியில்தான் கப்பல் குறுக்கே வருகிறது. கடினப்படுத்திய கண்ணாடியை, கடையில் டஃபன்டு என்பார்கள், செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆறடிக் கண்ணாடி ஒன்று உடைந்தால் அளவெடுத்து அனுப்பி, சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரும் வரை அங்கே தார்ப்பாய்தான். எனவே கதவின் கீழ் மூன்றில் ஒரு பங்கு மரப்பலகை அல்லது யு.பி.வி.சி. பலகையாகவும், மேலே சட்டம் குறுக்கிட்ட சிறு கண்ணாடிகளாகவும் வையுங்கள். குழந்தை மோதுவதும், நாய் பிறாண்டுவதும், நாற்காலி இடிப்பதும் கீழேதானே. எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவாக இருந்தால் உபரியாக ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் இந்தத் தீவு எப்படி ஆடியது என்பது நமக்குத் தெரியும். தென் அந்தமான் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல் ஏறி நின்றது. நிலநடுக்க ஆபத்தில் நீண்ட காலமாக உச்ச வகையில் இருக்கும் ஊர் இது. சுவர் கோணினால் நிலையும் கோணும், கதவு சிக்கிக்கொள்ளும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே சிமென்ட்டை இறுக அடைக்காமல் ஒரு விரல் கன இடைவெளி விட்டு, நெகிழும் ஃபோமும் சிலிகானும் நிரப்பச் சொல்லுங்கள். பெரிய கண்ணாடி வைத்தே ஆக வேண்டுமென்றால் லேமினேட்டட் கண்ணாடியாக வையுங்கள். உடைந்தாலும் உள்ளே இருக்கும் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் வெறுங்காலோடுதான் ஓடுவோம்.

கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாம் 316 வகை எஃகாக இருந்தால் உத்தமம். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். கிடைக்காவிட்டால் 304. காந்தம் பலமாக ஒட்டிக்கொள்ளும் திருகாணி இரண்டுமல்ல. கொசுவலையையும் இப்போதே சேர்த்துத் திட்டமிடுங்கள், கதவு வெளியே திறந்தால் வலைக்கதவு உள்ளே திறக்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இறவாணம் நான்கு அடிக்குக் குறைந்த வீட்டுக்கு, வெளியே திறக்கும் வெள்ளை யு.பி.வி.சி. இரட்டைக் கதவு. ஆழமான தாழ்வாரமும், ஆண்டுக்கொருமுறை எண்ணெயோ வார்னிஷோ பூசப் பொறுமையும் உள்ளவர்களுக்குப் பழைய படாக். அலுமினிய ஸ்லைடிங், வாசல் எட்டடிக்கு மேல் அகலமாகவும், கூரை நன்றாக மூடியும் இருந்தால் மட்டும். எங்கள் வீட்டில் இப்போது நிற்பது பழைய படாக்தான். கீழ்ப்பாதி பலகை, மேலே கதவுக்கு ஆறு கண்ணாடி.

ஆர்டர் கொடுக்க அவசரப்படாதீர்கள். அடுத்து ஒரு பெரிய மழை வரட்டும். சாரல் தாழ்வாரத்தில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று தரையில் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்த அளவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.