நிரல் எழுதுவதைக் கண்டு கற்போம்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. தறி நெய்யக் கற்பவர் புத்தகம் படித்து நெசவாளி ஆவதில்லை. நெய்பவர் அருகில் அமர்ந்து, இழை அறுந்தால் அவர் எப்படி முடிச்சிடுகிறார் என்று பார்த்துப் பழகுகிறார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையையும் இவ்வாறே கற்க இன்று வழி பிறந்துள்ளது. அதுவே நேரலை நிரலாக்கம்.

நேரலை நிரலாக்கம் என்றால் என்ன? நிரல் எழுதுபவர் தம் கணிப்பொறித் திரையை இணையத்தில் அப்படியே ஒளிபரப்புகிறார். எழுதும்போதே தாம் நினைப்பதை வாய்விட்டுச் சொல்கிறார். பார்ப்பவர் கேள்வி எழுதி அனுப்பினால் பதிலும் கூறுகிறார். 2011-இல் தொடங்கிய ட்விட்ச் தளமும் யூடியூபும் இதற்குப் பயன்படுகின்றன. 2014 நவம்பரில் அமெரிக்கரான கேசி முராட்டோரி, ஒரு விளையாட்டை முதல் வரியிலிருந்தே பலரும் பார்க்க எழுதத் தொடங்கினார். அத்தொடர் 600 பகுதிகளைத் தாண்டியது. ஆஸ்திரேலியப் பெண்மணி சூஸ் ஹிண்டன் 2016 முதல் தம் நிரல் பணியை நேரலையில் செய்து காட்டினார். இது பெண்களாகிய நமக்கு ஊக்கம் தரும் செய்தி அல்லவா?

இதனால் நமக்கு என்ன பயன்? பாடநூலில் இருப்பது பிழை நீங்கிய நிரல். அதைப் படித்துவிட்டு நாம் எழுதும்போது திரையில் பிழைச் செய்தி வந்தால், 'இது நமக்கு வராது' என்று மனம் தளர்ந்து விடுகிறோம். பலர் அத்துடன் நிறுத்தியும் விடுகிறார்கள். நேரலையிலோ, கைதேர்ந்தவருக்கும் பிழை வருவதைக் கண்ணால் காண்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பட்டியலில் 40 மாணவிகளின் பெயர்கள் உள்ளன. பைதான் மொழி 0 முதல் எண்ணும். எனவே கடைசிப் பெயரின் எண் 39. நாம் 40 என்று கேட்டால் பிழை தோன்றும். அனுபவசாலி பதறுவதில்லை. பிழைச் செய்தியை முழுவதும் படிக்கிறார், எந்த வரியில் வந்தது என்று பார்க்கிறார், அங்குள்ள மதிப்பை அச்சிட்டுச் சோதிக்கிறார், பிறகே திருத்துகிறார். இந்த வரிசைதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா? பதிவை இடையில் நிறுத்தி, அடுத்த வரி எதுவாக இருக்கும் என்று நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாதவரும் இதைச் செய்யலாம். பின்பு ஆய்வகத்தில் அதை இயக்கிப் பார்க்கலாம். நாமே ஒளிபரப்பும் நாள் வந்தால், கடவுச்சொல் திரையில் தெரியாமல் காக்க வேண்டும்.

ஆங்கிலம் தடையாகுமோ என்று அஞ்ச வேண்டாம். கணியம் அமைப்பினர் கணினிப் பாடங்களைத் தமிழிலேயே இணையத்தில் வழங்குகின்றனர். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011-இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. நிரல் எழுதும் வேலை பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே சான்று.

தோழியரே, பிழை வந்தால் எழுந்து போகாமல், அந்த வரியை இன்னொரு முறை படிப்போம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் நிரல் எழுதுவோர் பலர் வருவர்.