அறமும் அடுக்களையும்: இல்லறத்தார்க்கு ஓர் ஆயுர்வேதப் பாடம்



பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் ஆகிய பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில், ஆயுர்வேத நெறிப்படி உண்டு உடல் பேண வேண்டும் என்னும் ஆர்வம் பெருகி வருகின்றது. அது நன்றே. ஆயினும் அதனோடு ஓர் ஐயமும் எழுகின்றது. ஆயுர்வேத மருந்துகள் பலவற்றுக்குத் தேனே அனுபானம். அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்யப்படுவன. பூண்டு கைமருந்துகள் பலவற்றில் இடம் பெறுகின்றது. மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்கிய நாம் இம்முறையைப் பின்பற்றுவது எங்ஙனம்? விரதத்தை விடுவதா? மருந்தை விடுவதா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற விதி. ஆகவே தெரிந்த நூல்களிலிருந்து தொடங்குவோம்.

1. மருந்தின் பெயர் கொண்ட நூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்தின் பெயரைத் தாங்கியுள்ளன. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்னும் அளவில் கூட்டுவது ஏலாதி. இவற்றுள் சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும், ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் சமணப் புலவர்கள். உடல்நோய்க்கு மருந்து போல உயிர்நோய்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து. மருத்துவமும் அறமும் நம் முன்னோர்க்கு அயலாக இருந்ததில்லை என்பதற்கு இந்நூற்பெயர்களே சான்றாகும்.

2. உக்கிராதித்தர் காட்டிய வழி

நம் ஆகமங்கள் கூறும் பதினான்கு பூர்வங்களுள் பன்னிரண்டாவது பிராணாவாயம். அது உடலையும் உயிர்க்காற்றையும் மருத்துவத்தையும் பற்றியது. அம்மரபைத் தழுவி 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் என்னும் ஜைன ஆசாரியர் வடமொழியில் 'கல்யாணகாரகம்' என்னும் மருத்துவ நூலை இயற்றினார். புலால், மது, தேன் ஆகியவற்றை நீக்கியே அதில் மருந்துகள் சொல்லப்பட்டுள்ளன. இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் அவையில், மருந்துக்கும் புலால் வேண்டுவதில்லை என அவர் வாதிட்ட செய்தி நூலின் இறுதிப்பகுதியில் உள்ளது. 1940இல் இந்நூல் சோலாப்பூரில் இந்தி உரையுடன் அச்சிடப்பட்டது.

ஆகவே நம் ஐயம் புதியதன்று, விடையும் புதியதன்று. விரதத்தை வைத்துக்கொண்டே மருந்தைத் தேர்ந்தெடுத்தல் என்பதே அவ்விடை. தேன் சொல்லப்பட்ட இடத்தில் வெல்லம், நெய், வெந்நீர் ஆகியவற்றுள் பொருந்துவதைக் கொள்ளலாம். அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் புளிப்பினால் தாமாகவே மது உண்டாகின்றது. ஆதலின் கஷாயமோ சூரணமோ கேட்டுப் பெறலாம். கடையில் விற்கும் சியவனப்பிராச லேகியத்தில் பெரும்பாலும் தேன் உண்டு. மருந்துக் கூடுகள் பல விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டினால் ஆனவை. சீட்டைப் படித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

3. உணவும் பொழுதும்

வயிற்றின் இரு பாகத்தை உணவுக்கும், ஒரு பாகத்தை நீர்மப் பொருளுக்கும் அளித்து, ஒரு பாகத்தை வெறுமையாக விடுதல் வேண்டும் என்பது வாக்படரின் அட்டாங்க இருதயம் கூறும் விதி. இது நம் ஊணோதர தவத்தின் இல்லற வடிவமே எனலாம்.

இரவுண்ணாமையும் அத்தகையதே. விளக்கொளியில் விழும் சிற்றுயிர்களைக் காத்தல் அதன் நோக்கம். உண்டபின் உறங்கச் செல்லுமுன் உணவு செரிக்க நேரம் கிடைத்தல் அதன் பயன். சென்னையில் ஞாயிறு மறைவது நவம்பரில் மாலை 5.40 அளவிலும், சூலையில் 6.40 அளவிலுமாம். 1955இல் தொடங்கப்பெற்ற ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் பிற ஆலைகளிலும் பிற்பகல் ஷிப்டு செய்வோர்க்கு இது அரிதாகத் தோன்றும். மதிய உணவைப் பேருணவாக்கி, அந்திக்கு முன் உண்ணத்தக்க அவல் உப்புமாவோ பயற்றஞ் சுண்டலோ கட்டிக் கொடுத்தால் விரதமும் நிற்கும், உடலும் தளராது. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்வோர் மட்டும் உணவு வேளையை மாற்றுமுன் மருத்துவரைக் கலந்து கொள்க.

மழைக்காலச் சளிக்குத் திரிகடுகப் பொடி நல்லது. சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு எடுத்து, இளவறுப்பாக வறுத்து இடித்துச் சலித்து, கால் தேக்கரண்டி அளவு வெந்நீரில் கொள்க. பச்சை இஞ்சியை விலக்குவோரும் சுக்கைக் கொள்வது நம் வழக்கம். உலர்ந்தபின் அதில் உயிர்த்தன்மை இல்லை என்பது காரணம். வயிற்றுப்புண் உடையோரும், கருவுற்றோரும், இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்போரும் கேளாமல் கொள்ளலாகாது.

4. நீரை வடித்தல்

நீரைத் துணியில் வடித்துப் பருகுதல் நம் இல்லங்களின் அடையாளம். கிணற்று நீராயின், துணியில் நின்ற உயிர்களை அக்கிணற்றிலேயே சேர்ப்பது முறை. இதன் பயனை உலகம் அண்மையில் அறிந்தது. வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்த ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணுயிரினங்களில் ஒட்டி வாழ்வதும், அவ்வுயிரினங்கள் துணியில் தங்கிவிடுவதும் காரணம். துவைத்துத் துவைத்து இழை நெருங்கிய பழந்துணியே இதற்கு ஏற்றது.

எனினும் எல்லாக் கிருமிகளையும் துணி தடுக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்கள் மூழ்கியது போன்ற காலங்களில், குடிநீரில் கழிவுநீர் கலக்கக்கூடும். வடித்த நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுக. துறவியர் கொதித்த நீரையே பருகுவது நமக்கும் வழிகாட்டியாகும்.

5. உடலைப் பேணுதல்

சில சவர்க்காரங்களில் விலங்குக் கொழுப்பு சேர்கின்றது. அதற்கு மாற்றாகப் பாசிப்பயறு 500 கிராம், ஆவாரம்பூ 50, உலர்ந்த ரோஜா இதழ் 50, கஸ்தூரி மஞ்சள் 50, வெட்டிவேர் 25 கிராம் எனக் கூட்டி, வெயிலில் காயவைத்து அரைத்துக் கொள்க. கஸ்தூரி மஞ்சள் செடியின் கிழங்கே. கஸ்தூரி மானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தலைக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் போதும்.

அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என நம் மரபு எல்லை வகுத்துள்ளது. வண்டும் பூஞ்சணமும் தோன்றுமுன் தீர்த்துவிடுதல் அதன் கருத்து. குளியற்பொடியையும் சிறிது சிறிதாகவே அரைத்துக் கொள்வது நலம்.

குழந்தைகளைக் குளிப்பாட்டுகையில் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். வசம்பை உரைத்து நாவில் தடவுவதும் தவிர்க்கத்தக்கதே. ஓராண்டு நிரம்பாத மகவுக்குத் தேன் தரலாகாது என இக்கால மருத்துவமும் கூறுகின்றது.

6. அடுக்களையின் எல்லை

இப்பாடத்தில் இதுவே தலையாய பகுதி. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சுக்குக் கஷாயத்தால் அடக்க முயல்வது பெரும்பிழை. அது காசநோயாயின், நோயாளி நலிவதோடு, வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவும். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழத்தல் ஆகியவற்றுக்கு ஒரு நாழிகையும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. கஷாயத்தை நம்பி நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்துவதும் தன்னுயிர்க்குச் செய்யும் இம்சையே.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானம் கூறுவர் பெரியோர். அண்டை வீட்டு முதியவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்பவர் ஔடத தானமும் அபய தானமும் ஒருங்கே செய்தவராவர்.

சிந்தனைக்கு

1. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் தேன், மது, ஜெலட்டின் கலந்தவை எவை? அவற்றின் மாற்று யாது?
2. நீர் வடிக்கும் துணி எத்தனை மடிப்பு உடையது? அதனை நாள்தோறும் அலசிக் காயவைக்கின்றோமா?
3. நம் இல்லத்தில் அந்திக்கு முன் உண்ண இயலாதவர் யார்? அவருக்கு நாம் என்ன கட்டிக் கொடுக்கலாம்?
4. நீண்ட நாள் இருமும் ஒருவர் நம் தெருவில் உள்ளாரா?

நான்காம் வினாவுக்கு 'ஆம்' என்பது விடையாயின், இவ்விதழை மூடிவிட்டு முதலில் அவர் வீட்டுக்குச் செல்க.

அறம் வளர்க!