சுருள் தாடி, கருந்தோல்: இன்றே தொடங்க வேண்டியவை, இன்றே நிறுத்த வேண்டியவை

ஷேவ் செய்த மறுநாளே தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பொரிப்பொரியாய்க் கட்டிகள். தொட்டால் வலி. சில நாளில் கட்டி அமுங்கிவிடும், ஆனால் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். ரேசர் பம்ப்ஸ் எனப்படும் இந்தத் தொல்லையில் உலகிலேயே அதிகம் அடிபட்டவர்கள் கறுப்பின ஆண்கள். அவர்களில் 45 முதல் 83 சதவீதம் பேருக்கு இது வருவதாக மருத்துவ இதழ்கள் கணக்குச் சொல்கின்றன.

இதற்குக் காரணம் அழுக்கு அல்ல. தொற்றும் அல்ல. மயிர்க்கால் தோலுக்கு அடியிலேயே வளைந்திருப்பதால் முடி சுருண்டுதான் வெளியே வருகிறது. பிளேடு அதைச் சாய்வாக வெட்டி, நுனியைக் கூர்மையாக்கிவிடுகிறது. அந்த நுனி வளைந்து திரும்பி, ஓரிரு மில்லிமீட்டர் தள்ளித் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்குகிறது. உடம்பு தன் முடியையே அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் கட்டி. முடியின் கெரட்டின் மரபணு ஒன்றில் உள்ள சிறு மாற்றம் இந்த வாய்ப்பை ஆறு மடங்கு வரை கூட்டுகிறது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் கைத்திறனைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கறுப்பின ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டுத் தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை. தாடி சுருண்டு வளர்கிற, தோல் கறுத்த தமிழ் ஆண்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

செய்ய வேண்டியவை

• கட்டி இருக்கும்போது ஷேவிங்கை அடியோடு நிறுத்துங்கள். மூன்று, நான்கு வாரம் முகத்தில் பிளேடு படக்கூடாது. முதல் வாரம் இன்னும் மோசமாகத் தெரியும், பயந்துபோய் மறுபடி ரேசரை எடுத்துவிடாதீர்கள். முடி ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்ந்ததும் உள்ளே மாட்டிய நுனி பெரும்பாலும் தானாகவே விடுபட்டு வெளியே வரும். இதற்கு ஈடான கிரீம் எதுவும் இல்லை.

• தாடி வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வுகளில் இதுவே செலவில்லாதது.

• ஷேவுக்குப் பதில் டிரிம்மர் போடுங்கள், ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டுவிடுங்கள். தோலுக்கு வெளியே அவ்வளவு நீளம் நிற்கும் முடி எளிதில் உள்ளே திரும்பாது. மழமழவென்ற கன்னம் வேண்டும் என்ற ஆசையை விட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

• பிளேடுதான் என்றால் ஒற்றை பிளேடு ரேசர் வாங்குங்கள். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர்களில் முதல் பிளேடு முடியை இழுக்கிறது, அடுத்தது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி தோலுக்கு அடியில் போய் ஒளிந்து, அங்கேயே குத்தத் தொடங்குகிறது. கடைகள் நிறைய ரேசர்கள் இருந்தும் கறுப்பின ஆண்களுக்கு ஏற்றது ஒன்றுகூட இல்லையே என்ற குறையை வைத்துத்தான் டிரிஸ்டன் வாக்கர் என்ற கறுப்பின அமெரிக்கத் தொழில்முனைவர் பெவல் என்ற ஒற்றை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தார். அவர் 2013-ல் தொடங்கிய கம்பெனியை 2018-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. நீங்கள் அந்த பிராண்டைத் தேடி அலைய வேண்டாம், சாதாரண சேஃப்டி ரேசர் போதும்.

• குளித்தபின் ஷேவ் செய்யுங்கள். வெந்நீரில் ஊறிய முடி மெத்தென்று வெட்டுப்படும், நுனி அவ்வளவு கூராகாது.

• முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த வாக்கிலேயே ரேசரை இழுங்கள். கழுத்தில் திசை இடத்துக்கு இடம் மாறும், அவசரப்படாதீர்கள்.

• புதைந்த முடி கண்ணுக்கு வளையமாகத் தெரிந்தால், சுத்தமான ஊசியால் நுனியை மட்டும் நெம்பி வெளியே விடுங்கள். அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

• தாடி ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். நேரான முடியில் தோலின் எண்ணெய் நுனிவரை வழிந்து போகும். சுருள் முடியில் பாதி வழியிலேயே நின்றுவிடும், அதனால்தான் உங்கள் தாடி எப்போதும் வறண்டு நொறுங்குகிறது. ஜோஜோபா எண்ணெய் சில சொட்டு நல்லது. கானா, புர்கினா ஃபாசோ பக்கத்துப் பெண்கள் காலங்காலமாகக் கடைந்தெடுக்கும் ஷியா வெண்ணெய் முடியின் ஈரத்தைப் பூட்டி வைக்கும். தேங்காயெண்ணெய் சிலருக்குத் துவாரத்தை அடைத்துப் பரு கிளப்பும், முகத்தில் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

• அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். வேர்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் சுருள் முடி அறுந்துபோகும்.

• தாடிக்கு அடியில் உள்ள தோலையும் தேய்த்துக் கழுவுங்கள். அரிப்பும் செதிலும் வந்தால் அது தாடிப் பொடுகு. கருந்தோலில் அது சிவப்பாகத் தெரியாது, வெளுத்த திட்டாகவே தெரியும். கீட்டோகொனசோல் ஷாம்புவை ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். பொடுகுக் காளான் எண்ணெயைத் தின்று வளர்வது, ஆகவே அது அடங்கும்வரை எண்ணெயைக் குறையுங்கள்.

• தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள். கறுத்த தோலுக்கு இயற்கை தரும் பாதுகாப்பு சராசரியாக எஸ்பிஎஃப் 13 அளவுதான், தோல் மருத்துவர்கள் கேட்பது 30. வெயில் பட்டால் கட்டி விட்டுச்சென்ற கறுப்பு இன்னும் ஆழமாகும். அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கறுப்பைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும், முகத்தில் வெள்ளையாகவும் பூக்காது.

• டாக்டரிடம் போகும்போது கட்டி உச்சத்தில் இருந்த நாளில் எடுத்த போட்டோவைக் காட்டுங்கள். மருத்துவப் பாடப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. கருந்தோலில் அழற்சி ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரிவதால், பழக்கமில்லாத கண் அதைத் தவறவிடும். லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2020-ல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கருந்தோலில் நோய் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேடு ஒன்றையே வெளியிட்டார்.

• தினமும் ஷேவ் செய்தாக வேண்டிய வேலை என்றால், இப்போதே டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள். அமெரிக்காவில் டாமினோஸ் பீட்சாவின் தாடி கூடாது என்ற விதி இந்த நோயுள்ள கறுப்பின ஊழியர்களைப் பாதிக்கிறது என்று 1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு அட்லாண்டாவின் கறுப்பினத் தீயணைப்பு வீரர்கள் வழக்கில் தோற்றார்கள். மூச்சுக்கவசம் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. ராணுவத்தில் நிலைமை இப்போது இன்னும் கடினம். அமெரிக்க விமானப்படை 2020-ல் ஐந்து ஆண்டு வரை ஷேவிங் விலக்கு கொடுத்தது. 2025-ல் வந்த புதிய உத்தரவுப்படி, ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகும் விலக்குக் கேட்பவர் வேலையையே இழக்கலாம். இதில் முதலில் அடிபடப்போவது கறுப்பினச் சிப்பாய்கள்தான், நியாயமில்லாத விதி இது.

செய்யக்கூடாதவை

• தோலை இழுத்துப் பிடித்து ஷேவ் செய்யாதீர்கள். கையை விட்டதும் முடி உள்ளே போய்விடும்.

• எதிர்வாக்கில் இரண்டாவது தடவை இழுக்காதீர்கள், சலூனில் செய்ய வந்தாலும் தடுங்கள்.

• முடியைப் பிடுங்காதீர்கள். அடுத்து வளரும் முடி தோலுக்கு உள்ளேயே முட்டிக்கொள்ளும்.

• கட்டியைக் கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். சீழ் போய்விடும், தழும்பு போகாது. உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ கீலாய்டு என்ற தடித்து வளரும் தழும்பு வந்திருந்தால் இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

• பிடரியில் ஜீரோ மெஷின் போட விடாதீர்கள். ஒட்ட வெட்டிய முடி அங்கே கட்டி கட்டியாகத் தடித்து, கெட்டித் தழும்பாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம். கறுப்பின ஆண்களிடம் இது அதிகம். முதல் கட்டி தெரிந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். முற்றிவிட்டால் ஆபரேஷன் வரைக்கும் போகும்.

• சலூனில் பழைய பிளேடை ஏற்காதீர்கள். எல்லோர் முகத்திலும் தேய்த்த படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரத்தக்கசிவு வழியாக ஹெபடைடிஸ் பரவும்.

• முடி நீக்கும் பவுடரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். கறுப்பின வீடுகளில் மேஜிக் ஷேவ் பவுடர் பழைய பழக்கம். பிளேடு படாமல் முடியைக் கரைப்பதால் நுனி மழுங்கியே நிற்கும், அதனால் அது உண்மையில் உதவும். ஆனால் முடியைக் கரைக்கும் அதே காரம் தோலையும் பொசுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள், முதல் தடவை முன்கையில் சோதித்துப் பாருங்கள்.

• ஆப்பிரிக்கக் கறுப்பு சோப்பை தினமும் முகத்துக்குப் போடாதீர்கள். காரத்தன்மை அதிகம், தோல் வறண்டுவிடும்.

• மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீமைத் தடவாதீர்கள். இரண்டே நாளில் கட்டி அமுங்கும், அதுதான் பொறி. வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சிறு ரத்தக்குழாய்கள் கோடாகத் தெரியும், நிறுத்தியதும் இரட்டிப்பாகப் பொங்கும். இந்தியாவில் 2018-ல் இத்தகைய 14 மருந்துகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

• தழும்பின் கறுப்பைப் போக்க வெளுப்பு கிரீம் பூசாதீர்கள். ஹைட்ரோகுவினோனை அளவில்லாமல் ஆண்டுக்கணக்கில் பூசிய தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் பலரின் முகத்தில், லேசில் போகாத நீலக்கறுப்புத் திட்டு விழுந்தது. 1990-ல் அந்த நாடு அழகுசாதனங்களில் அதைத் தடை செய்தது. பெயர் தெரியாத கிரீமில் பாதரசமும் இருக்கலாம். கறுப்பு தணிய அசெலாயிக் ஆசிட், அடாபலீன் என்று பாதுகாப்பான வழிகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். அவற்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தொடங்குங்கள். எரிச்சல் வந்தால் அதுவே புதுக் கறுப்பாகும்.

• எந்த மெஷின் என்று கேட்காமல் முடி நீக்கும் லேசருக்குப் படுக்காதீர்கள். ஐபிஎல் என்ற ஒளிக்கருவியும் 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரும் முடியின் கறுப்பைத் தேடிப் போகும்போது தோலின் கறுப்பையும் சுட்டுவிடும். கருந்தோலுக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர், அதன் கதிர் மேல்தோலை அதிகம் சூடாக்காமல் வேர் வரை இறங்கும். தாடி அந்த இடத்தில் மெலிந்தே போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். காதுக்குக் கீழே ஒரு சிறு இடத்தில் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். மெஷினின் பெயரைச் சொல்லத் தயங்கினால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.